திறந்துதான் வைத்திருக்கிறேன்

மனிதர்களில் வேலையைச் செய்பவர்கள், செய்யாதவர்கள் என்று இரண்டே வகைதான் என நீங்கள் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தால், உங்களுக்கு இன்னும் வயது போதாது. மூன்றாவதாக ஒரு வகை உண்டு. வேலைக்குரிய இணையப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவர்கள். இவர்கள் செய்யவும் மாட்டார்கள், செய்யவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள், வேறு யாரையும் செய்ய விடவும் மாட்டார்கள். எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: “திறந்துதான் வச்சிருக்கேன்.” கட்டடம் திறந்து வைக்க வருகிற பெரிய மனிதர்கள்கூட நாடாவை வெட்டியதும் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நம்முடைய ஆள் கத்தரிக்கோலும் கையுமாக வருஷக்கணக்கில் அங்கேயே நிற்பார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். முகத்தைப் பார்க்காதீர்கள்; கணினித் திரையின் மேல்விளிம்பைப் பாருங்கள். நமக்கெல்லாம் அங்கே நாலைந்து டேப் இருக்கும். ஒவ்வொன்றிலும் இன்ன தளம் என்று பெயர் தெரியும். இவருக்கு அங்கே இருப்பது பேன்சீப்பு. பல்லுக்குப் பல் நெருக்கியடித்துக்கொண்டு, பெயரும் தெரியாமல் முகவரியும் தெரியாமல், நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் மூச்சு முட்ட நின்றுகொண்டிருக்கும். அதில் ஒன்றை மூடச் சொல்லிப் பாருங்கள். சொத்தை எழுதித் தரச் சொன்னதுபோல் பார்ப்பார்.

நான் வெகு அருகிலிருந்து ஆராய்ந்த ஆள், எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடையில் வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின்மேல் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றி, “இது தெளிவா? இல்ல, இது தெளிவா?” என்று கேட்டு ஊருக்கே பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவர். நல்ல மனிதர். கோபம் வராது. யாரைப் பற்றியும் புறம் பேசமாட்டார். எதையும் முடிக்கவும் மாட்டார்.

காலையில் அவர் செய்தி படிக்கும் அழகைப் பார்க்கவேண்டும். மூன்று தளங்கள். முதலாவது, அவருடைய கருத்தை அவரைவிட நன்றாகச் சொல்லும் தளம். அதில் தலைப்பை மட்டும் படித்துத் தலையை ஆட்டிவிட்டு, ‘முழுசா அப்புறம் படிச்சுக்கலாம்’ என்று விட்டுவைப்பார். இரண்டாவது, அவருக்கு அறவே பிடிக்காத தளம். அதை ஒரு வரி விடாமல் படிப்பார். படித்து முடித்ததும் கீழே முன்பின் தெரியாதவர்கள் போட்டுக்கொள்ளும் சண்டையையும் படிப்பார். ரத்தத்தைக் கொதிக்க வைக்கக் காப்பி எதற்கு? அதுவே போதும். மூன்றாவது தளத்தை ஏன் திறந்தோம் என்று அவருக்கே நினைவில்லை. திறந்து மூன்று வருஷம் ஆகிறது. அங்கே ஒரு புயல் இன்னமும் கரையைக் கடக்காமல், கடக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

பொழுதுபோக்கு? அதற்கும் குறைவில்லை. ஒரு படம் பார்ப்பதென்றால் முதலில் அதற்குப் பதினேழு விமர்சனம் படிக்கவேண்டும். எட்டுப் பேர் நன்றாக இருக்கிறது என்றும் எட்டுப் பேர் பார்க்காதே என்றும் எழுதியிருப்பார்கள். பதினேழாவது ஆள் இரண்டு பக்கமும் பேசியிருப்பார். ஆகவே பதினெட்டாவதைத் தேடவேண்டும். ஒருமுறை அவர் தேடி, ஆராய்ந்து, பார்க்கலாம் என்று முடிவெடுத்து, மனைவியை அழைத்துக்கொண்டு புறப்பட்டுப் போனபோது அந்தத் திரையரங்கம் கட்டில் மெத்தை விற்கும் கடையாகிவிட்டிருந்தது. இருவரும் ஒரு மெத்தையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம்தான். நின்றுகொண்டு பார்த்தார்கள்.

இன்னும், தமக்கு ஒரு உறவும் இல்லாத மூன்று ஊர்களின் வானிலை. துணி துவைக்கும் இயந்திரங்கள் நான்கை ஒப்பிடும் ஒரு பக்கம். இவர் ஒப்பிட்டு முடிப்பதற்குள் அதில் இரண்டு மாடல்கள் வருவதே நின்றுவிட்டது. மனைவி கையால் துவைத்துக்கொண்டிருக்கிறார். ‘இடது முழங்காலில் லேசான வலி’ என்று ஆரம்பித்து, ஒவ்வொரு சுட்டியாகத் தட்டித் தட்டி, உலகத்தில் இரண்டே பேருக்கு வந்திருக்கிற ஒரு வியாதியில் போய் நிற்கும் மருத்துவப் பக்கங்கள் பதினொன்று. மூன்றாவது நோயாளி தாம்தான் என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

இத்தனையையும் சுமந்துகொண்டு அந்தக் கணினி மூச்சு வாங்கும் பாருங்கள்! அதன் விசிறி சுற்றுகிற சத்தத்தில், கீழே தையற்கடை வைத்திருப்பவர் ஒருநாள் பதறிப்போய் மேலே ஓடிவந்தார்.

“அண்ணே, வீட்ல யாருக்காவது இழுக்குதா? ஆஸ்பத்திரிக்குப் போன் போடட்டுமா?”

“ஒண்ணுமில்லப்பா, சிஸ்டம்.”

“நாலைஞ்ச மூடுங்கண்ணே, பாவம், வாயில்லா ஜீவன்.”

“எல்லாம் வேணும்ப்பா. எது எப்ப வேணும்னு நமக்குத் தெரியுமா?”

தெரியாதுதான். ஆனால் இவர் மனைவிக்கு எது, எப்போது, ஏன் வேண்டும் என்பது மிக நன்றாகத் தெரிந்திருந்தது. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அந்த அம்மாள் பேருந்து நடத்துநர். பதினான்கு வருஷமாக ஓடுகிற பேருந்தில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர். வளைவில் எந்தப் பக்கம் சாயவேண்டும், பிரேக் அடித்தால் எந்தக் காலை ஊன்றவேண்டும், “முன்னாடி போங்க, முன்னாடி காலியா இருக்கு” என்று எந்தச் சுதியில் சொன்னால் கூட்டம் நகரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் மனசு முழுக்க முன் இருக்கையில். ஓட்டுநராக வேண்டும். கனரக வண்டி உரிமம் வாங்கி வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்போ மைதானத்தில் பழைய பேருந்தை எட்டுப் போட்டுப் பழகியாயிற்று. மிச்சம் இருந்தது துறை நடத்தும் மூன்று மாதப் பயிற்சி ஒன்றுதான். அது வந்தது. டிப்போ அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்: நடத்துநர்களுக்கு மட்டும், இருபது இடம், இணையதளத்தில் விண்ணப்பிக்கவேண்டும், முந்தி வருகிறவர்களுக்கே இடம், நாற்பத்தைந்து வயதுக்குள். அம்மாளுக்கு அடுத்த பயிற்சி வரும்போது நாற்பத்தைந்து தாண்டிவிடும். இதுதான் கடைசி வண்டி.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொன்னார். நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன், என் கண்ணாடியின் ஆடுகிற காதை முடுக்கித் தரச் சொல்லி.

“ஏங்க, அந்த வெப்சைட்ல எனக்குக் கொஞ்சம் எழுதிப் போட்டுடுங்க. இல்லேன்னா நகருங்க, நானே போட்டுக்கறேன்.”

“நீ தொடாத! நீ ஒண்ணத் தட்டி, மத்ததெல்லாம் போயிடப் போகுது. நான் பார்த்துக்கறேன்.” சொல்லிக்கொண்டே திறந்துவிட்டார். பக்கம் வந்தது. நடுவில் கொட்டை எழுத்தில் ‘மீதமுள்ள இடங்கள்: 11’.

“பாரு, பதினொண்ணு இருக்கு. திறந்து வச்சாச்சு. இனி நீ நிம்மதியா இரு.”

நிம்மதியாக இருக்கச் சொன்னார். அந்த அம்மாளும் இருந்தார். கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியும் இந்தத் தவற்றைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மறுநாளே நிரப்பியிருக்கலாமே என்கிறீர்கள். எப்படி நிரப்புவது? புகைப்படம் ஏற்றவேண்டும், படம் அளவில் பெரிசாக இருந்தது. படத்தைச் சிறிதாக்கித் தரும் தளங்கள் ஏழு, ஏழையும் திறந்தார். எது சிறந்தது என்று ஒப்பிடும் தளம் இரண்டு, அவற்றையும் திறந்தார். பிறகு ‘விண்ணப்பம் நிரப்பும்போது நாம் செய்யும் ஒன்பது தவறுகள்’ என்றொரு கட்டுரை கண்ணில் பட்டது. அதில் ஆறு தவறுவரை படித்தார். மீதி மூன்று தெரியாமல் நிரப்புவது எவ்வளவு ஆபத்து! ஏழாவதைப் படிக்கப் போகும்போது பக்கவாட்டில் ‘இந்த நடிகர் இப்போது எப்படி இருக்கிறார் தெரியுமா?’ என்று ஒரு படம் கூப்பிட்டது. எப்படி இருக்கிறார்? கிழவராக இருக்கிறார். நாமும்தான். அதைத் தெரிந்துகொள்ள முப்பத்திரண்டு படங்களைத் தள்ளவேண்டியிருந்தது.

அம்மாள் தினமும் பணி முடிந்து வந்து, டிக்கெட் பையைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்பார்.

“என்னங்க ஆச்சு?”

அவர் சீப்பில் விரல்விட்டுத் தேடி, அந்தப் பல்லைப் பிடித்து இழுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்ப்பார். “பதினொண்ணு இருக்கு.”

செவ்வாய்க்கிழமை கேட்டார். பதினொன்று. வெள்ளிக்கிழமை கேட்டார். பதினொன்று. அடுத்த புதன். அப்போதும் பதினொன்றுதான்.

“என்னங்க இது, ஒருத்தர்கூடவா சேரல? அதே பதினொண்ணா இருக்கு?”

“யாருக்கும்மா இந்தக் காலத்துல உழைக்கணும்னு ஆர்வம் இருக்கு? எல்லாரும் போனைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்காங்க” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அதோடு விட்டாரா? இளைய தலைமுறைக்கு உழைப்பில் நாட்டம் குறைந்துவிட்டதைப் பற்றி ஒரு கட்டுரையைத் தேடிப் பிடித்து, தையற்காரருக்கு ஒருமுறையும் எனக்கு இரண்டு முறையும் அனுப்பினார். பதினாறு நாள் ஒரு எண் அசையாமல் நிற்கிறதென்றால் அந்தப் பக்கத்துக்கு உயிர் இருக்கிறதா என்று மூக்கில் கைவைத்துப் பார்க்கத் தோன்றவேண்டாமா? நமக்குத் தோன்றும். திறந்து வைத்திருப்பவருக்குத் தோன்றாது. தம் கண்முன் இருக்கும் பக்கமே உலகம். அவர் திறந்த நிமிஷத்தோடு உலகமும் மரியாதையாக நின்று அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கும் என்பது அவர் சித்தாந்தம்.

பதினேழாம் நாள் மத்தியானம், நானும் அங்கே உட்கார்ந்திருந்தபோது, அந்த அம்மாள் சீருடையோடு, பையைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். அவர் வேலை பார்க்கும் பேருந்தின் ஓட்டுநர் கேட்டிருக்கிறார்: “என்ன தங்கச்சி, உன் பேரு லிஸ்ட்ல காணோம்? நீதான் மொதல்ல போடுவேன்னு நெனச்சேன். எல்லாம் போன வாரமே ரொம்பிடுச்சே!”

“ஏங்க, அந்தப் பக்கத்தைக் காட்டுங்க.”

“இதோ. பதினொண்ணு. பாரு, நீயே பாரு.”

“ரொம்பிடுச்சுன்னு சொல்றாங்க.”

“அவங்க சொல்றதைக் கேப்பியா, கண்ணுக்கு நேரா இருக்கறதை நம்புவியா?”

அம்மாள் கணவரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் வட்ட அம்பை, ரெஃப்ரெஷ் என்கிறார்களே, அதை ஒரு தட்டுத் தட்டினார். பக்கம் வெள்ளையாகிச் சுற்றிச் சுற்றி, பதினாறு நாளையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டுத் திரும்பி வந்தது. ‘இடங்கள் நிரம்பிவிட்டன.’

மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கே பாவமாகப் போய்விட்டது. தப்பு தெரிந்துவிட்டது, இப்போது ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார், கேட்டால் நாசூக்காக எழுந்து போய்விடலாம் என்று நான் செருப்பைக்கூடத் தேட ஆரம்பித்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? புதிதாக ஒரு டேப்பைத் திறந்தார். ‘நிரம்பிய பயிற்சி வகுப்பில் இடம் பிடிப்பது எப்படி?’ என்று தேடினார். நாற்பது லட்சம் விடைகள் வந்தன.

“கவலைப்படாத. வழி இருக்கு. திறந்து வச்சிருக்கேன்.”

அந்த அம்மாள் கத்தியிருந்தால் வீட்டுக்கு நல்லது. கத்தவில்லை. “பதினாலு வருஷமா ஊர்ல உள்ளவங்களையெல்லாம் எறங்கற எடத்துல எறக்கிவிட்டிருக்கேன்” என்றார், யாரிடம் என்றில்லாமல். “நான் எறங்க வேண்டிய எடத்தை வீட்டுக்குள்ளயே தாண்டிட்டேன்.” முகம் கழுவப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முதல் வண்டிக்கு முன்பே டிப்போ அலுவலகத்துக்குப் போய் நின்றாராம். நடந்ததைப் பிறகு எனக்கு நடித்தே காட்டினார்; நான் சேர்த்தது உப்புக்கல் அளவுதான்.

பயிற்சிப் பிரிவு எழுத்தர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார்.

“இல்லம்மா. ஃபுல். இருபதும் போயிடுச்சு.”

“யாராவது விலகினா?”

“விலகினா இங்க காட்டுமே. காட்டலியே. கண்ணு முன்னாடியே இருக்கு பாருங்க, காலி பூஜ்யம்.”

“சார், அந்தப் பக்கத்தை எப்ப திறந்தீங்க?”

“இப்பதாம்மா பார்க்கறேன்!”

“எப்ப பார்க்கறீங்கன்னு கேக்கல. எப்ப திறந்தீங்க?”

எழுத்தர் யோசித்தார். முந்தாநாளா, அதற்கு முந்தின நாளா? அம்மாள் மெல்ல மேஜையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். திரையின் மேல்விளிம்பில், பல்லுக்குப் பல் நெருக்கியடித்துக்கொண்டு, பேன்சீப்பு! வீட்டில் இருபது வருஷம் குடித்தனம் நடத்திய நோய். வெளியில் பார்த்தால் தெரியாதா?

“சார், அந்த வட்ட அம்பை ஒரே ஒரு தடவை அமுக்குங்க.”

“அதை அமுக்கினா மத்ததெல்லாம் போயிடும்மா.”

“போகாது சார். எங்க வீட்லயும் இப்படித்தான் பயந்தோம். போனது வேற.”

அவர் கை தயங்கியது. அம்மாள் கை தயங்கவில்லை. ஓடுகிற பேருந்தில், கம்பி கம்பியாகத் தாவிப் பிடித்துப் பழகிய கை. எழுத்தரின் காதோரமாகப் போய்த் தட்டிவிட்டுத் திரும்பியது. பக்கம் சுற்றியது. ‘மீதமுள்ள இடங்கள்: 1.’

யாரோ ஒரு நடத்துநர், முந்தின நாள் சாயங்காலம் வேறு ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்ததும், தம் பெயரை எடுத்துவிட்டிருந்தார். எழுத்தர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். “அட, ஆமா!” என்றார், தாமே கண்டுபிடித்ததுபோல. அம்மாள் அங்கேயே, நின்ற நிலையிலேயே, அந்த எழுத்தரின் விசைப்பலகையிலேயே விண்ணப்பத்தை நிரப்பினார். புகைப்படமா? போனில் இருந்தது. ஏற்றினார், தளமே அதைச் சிறிதாக்கிக்கொண்டது. எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம். அந்த ஒன்பது தவறுகளில் ஒன்றுகூட வரவில்லை, அவருக்கு அவை தெரியாததால்.

நல்ல செய்தியை வீட்டில் சொன்னபோது நம் கண்ணாடிக்கடைக்காரர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. “நான்தான் சொன்னேனே, இடம் இருக்குன்னு!” என்றார். அன்று மாலை தையற்கடை வாசலில் நின்று, இணையத்தை எப்படிப் பயன்படுத்தினால் எதையும் சாதிக்கலாம் என்று அரைமணி நேரம் விளக்கினார். மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திருத்தவில்லை. ஆனால் மறுநாள் தமக்கென்று சொந்தமாக ஒரு சின்னக் கணினி வாங்கிக்கொண்டார். அதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். வேலை முடிந்ததா, மூடு. துணி துவைக்கும் இயந்திரமும் அந்த வாரமே வந்து இறங்கியது.

இப்போது அந்த அம்மாள் ஓட்டுநர். முன் இருக்கையில் உட்கார்ந்து, தெருமுனையில் எங்கள் ஜன்னலைப் பார்த்து ஒரு ஹார்ன் அடித்துவிட்டுத்தான் திரும்புவார். கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் தளம் இருக்கிறதல்லவா? அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். போன வாரம் நான் அங்கே இருந்தபோது அழைப்பு மணி அடித்தது. திரையில் பேருந்து ஆற்றுப் பாலத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது.

“யாரது?” என்று குரல் கொடுத்தார்.

“நான்தாங்க, கதவைத் திறங்க.”

“அதெப்படி? நீ இன்னும் பாலத்தையே தாண்டலியே!”

நான்தான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாம் அப்படியில்லை, நாம் படிப்பது ஒன்றிரண்டு செய்தித் தளம், பார்ப்பது ஏதோ நாலு வேடிக்கை, அவ்வளவுதானே என்கிறீர்கள். சரி. கையிலிருக்கும் போனை எடுத்து, பிரவுசரின் ஓரத்தில் சின்னச் சதுரத்துக்குள் ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். எனக்குச் சொல்லவேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சில போன்கள் நூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு வெறுமனே ஒரு சிரிப்பு முகத்தைக் காட்டும். உங்களைப் பார்த்துத்தான். அந்தக் கும்பலுக்கு அடியில் எங்கேயோ, உங்களுக்காக இல்லாமல் வேறொருவருக்காக, ‘நான் பார்த்துக்கறேன், நீ நிம்மதியா இரு’ என்று வாக்குக் கொடுத்துத் திறந்த பக்கம் ஒன்று கிடக்கும். அந்த ஒருவர் உங்களிடம் இன்னமும் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் பிழைத்தீர்கள், எழுந்துபோய் முடித்துக்கொடுங்கள். கேட்பதை நிறுத்திவிட்டாரா? அப்படியென்றால் அவர் தாமாகவே போய் முடித்துக்கொண்டு வந்து வெகுநாளாயிற்று. உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.